உறுப்பினர் தகுதித் தேர்வு (தொழில்சார் மருத்துவம்)

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் டாக்டர் பெயர்ப்பலகைகளில் எம்.பி.பி.எஸ்.ஸை அடுத்து எம்.ஆர்.சி.பி. என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதல் 'எம்' மெம்பர்ஷிப். அந்த வரிசையில் வருவதுதான் எம்.எஃப்.ஓ.எம்., அதாவது 'மெம்பர்ஷிப் ஆஃப் த ஃபேகல்டி ஆஃப் ஆக்குபேஷனல் மெடிசின்'. இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி. பிரிட்டனில் தொழில்சார் மருத்துவத்தில், அதாவது வேலையால் வரும் நோய்களைப் பார்க்கும் துறையில், பயிற்சி பெறும் மருத்துவர்கள் எழுதும் தேர்வு இது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸின் கீழ் 1978இல் தொடங்கிய தொழில்சார் மருத்துவப் புலம் (ஃபேகல்டி) இதை இரண்டு பகுதிகளாக நடத்திவந்தது. முதல் பகுதியில் அடிப்படை அறிவு, இரண்டாவதில் செயல்முறையும் உண்டு.

மெம்பர் என்ற சொல்லின் வேர் லத்தீன் 'மெம்ப்ரம்'. கை, கால் போன்ற உடலுறுப்பு என்று பொருள். ஒரு சங்கத்தை உடலாக எண்ணினால் அதில் சேர்ந்தவர் அதன் உறுப்பு. தமிழிலும் இதே கதைதான். முன்பு எழுதிவந்த 'அங்கத்தினர்', இப்போது நிலைத்துவிட்ட 'உறுப்பினர்' இரண்டுக்குள்ளும் உடலுறுப்பே இருக்கிறது. ஆக, சொல் சரி. ஆனால் வெறுமனே 'உறுப்பினர் தேர்வு' என்றால் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது என்றாகிவிடும். சந்தா கட்டினால் கிடைப்பது என்றும் தோன்றும். வருடக்கணக்கில் படித்து எழுதுகிற பரீட்சைக்கு அது நியாயமில்லை. நடுவில் 'தகுதி' கட்டாயம் வேண்டும்.

அப்புறம் 'ஆக்குபேஷனல்'. லத்தீனில் பிடித்துக்கொள்வது, ஆட்கொள்வது என்ற வினையிலிருந்து வந்தது. ஒருவரின் நேரத்தைப் பிடித்துக்கொள்வது அவர் பார்க்கும் வேலை. இதைச் சிலர் 'தொழிற்சாலை மருத்துவம்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு அந்தப் பெயர் பொருந்தும். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவருக்கு? கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் நிற்பவருக்கு? கைதவறி ஊசி குத்திக்கொள்ளும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி நர்ஸுக்கு? இவர்கள் யாருக்கும் ஆலை கிடையாது, வேலை உண்டு.

வியாசர்பாடிப் பட்டறையில் ஜி.ஐ. ஷீட்டை வெல்டிங் அடிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய தகடு அது. சூடேறியதும் வெள்ளைப் புகை வரும். அன்று இரவே குளிர்ஜுரம், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. ஓரிரு நாளில் தானாக விட்டுவிடும். தினமும் புகையில் நின்றால் உடம்பு கொஞ்சம் பழகிவிடும். ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போக, திங்களன்று மறுபடி ஜுரம். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று டாக்டர் கேட்காவிட்டால் இது வெறும் வைரல் ஜுரமாகத்தான் சீட்டில் ஏறும். நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று 1700லேயே எழுதினார் இத்தாலிய மருத்துவர் ரமாசினி. அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்த துறை இது. அதனால் 'தொழில்சார் மருத்துவம்' என்பதே முழுப் பொருளையும் தாங்கும்.

எம்.எஃப்.ஓ.எம்.மையும் ஏ.எஃப்.ஐ.எச்.சையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னது 'அசோசியேட் ஃபெலோ ஆஃப் இண்டஸ்ட்ரியல் ஹெல்த்', நம் நாட்டில் ஆலை மருத்துவர்களுக்கான 3 மாதப் படிப்பு. தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனத்திலும் நடக்கிறது. அதன் பெயரில் இருப்பது 'இண்டஸ்ட்ரியல்', எனவே அதைத் 'தொழிலக நலப் படிப்பு' என்று எழுதலாம். 'உறுப்பினர் தகுதித் தேர்வு' என்ற பெயரை எம்.எஃப்.ஓ.எம். போன்றவற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.