கெலாசன்ஹைட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இன்றைக்கும் குதிரை வண்டியில் போகும் பழைய முறை மென்னோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் உழவர்களைப் பற்றிப் படிப்பவர் ‘கெலாசன்ஹைட்’ என்னும் ஜெர்மன் சொல்லை எப்படியும் எதிர்கொள்வார். அவர்களுடைய உடை, உழவு, வழிபாடு, இல்லறம் ஆகிய அனைத்துக்கும் அடியில் கிடக்கும் மனநிலையை ஆய்வாளர்கள் இச்சொல்லால் குறிக்கிறார்கள். தமிழில் ‘பணிவு’ அல்லது ‘அடக்கம்’ என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவை விளைவைச் சொல்கின்றனவே தவிர வினையைச் சொல்வதில்லை.

வினை ‘லாசன்’, அதாவது விடுதல். 1300ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த டொமினிக்கன் துறவி மைஸ்டர் எக்கார்ட், தன் விருப்பத்தை விட்டு இறைவனுக்கு இடம் விடும் நிலையை இச்சொல்லால் உணர்த்தினார். 1525இல் சூரிச் நகரில் வயது வந்தபின் திருமுழுக்குப் பெற்றவர்கள் வேட்டையாடப்பட்டபோது, அவர்களுள் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸ் 1527 சனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டபோது, திருப்பி அடிக்காமல் ஏற்றுக்கொள்வது என்னும் கனமான பொருளும் இதனோடு சேர்ந்தது. 1536இல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து இம்மரபில் சேர்ந்த மென்னோ சைமன்ஸின் பெயரால்தான் மென்னோனைட் என்ற பெயர் வந்தது. இன்றைய பொது ஜெர்மனிலோ கெலாசன்ஹைட் என்பது வெறும் பதற்றமின்மை. தேர்வுக்கு முன் நிதானமாக இருப்பவரைப் பாராட்டவும் அது பயன்படுகிறது.

பண்ணை வீட்டில் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் வாயில் இந்த ஏட்டுச் சொல் பெரும்பாலும் வராது. வீட்டில் பேசும் பென்சில்வேனியா டச்சு என்னும் ஜெர்மன் கிளைமொழியில் அவள் சொல்வது ‘உஃப்கெவ்வா’, நேர்ப்பொருள் ‘கொடுத்துவிடுதல்’. அவள் எதைக் கொடுத்துவிடுகிறாள் என்பது சபைக்கு ஊழியரை, அதாவது போதகரை, தேர்ந்தெடுக்கும் நாளில் நன்றாகத் தெரியும். சபையார் முன்மொழிந்த ஆண்கள் எத்தனை பேரோ அத்தனை பாட்டுப்புத்தகங்கள், பார்வைக்கு ஒன்றுபோல், முன்னால் வைக்கப்படுகின்றன. ஒன்றினுள் மட்டும் ஒரு சீட்டு இருக்கிறது. ஆளுக்கொரு புத்தகம் எடுத்தபின் ஆயர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார். பெண்கள் பக்கத்து இருக்கையில் வெள்ளைத் தலைமூடியோடு அமர்ந்திருக்கும் மனைவி, தன் கணவனின் புத்தகம் திறக்கப்படும் அந்தக் கணத்தில், சீட்டு இருந்தால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சம்பளமில்லாத ஊழியரின் மனைவியாகிவிடுவாள். பால் கறப்பதும் பிள்ளைகளும் குறையப்போவதில்லை. விருந்தினரும், கணவன் வீட்டில் இல்லாத நாள்களும் கூடும். அழலாம், மறுப்பது என்பது வழக்கத்தில் அநேகமாக இல்லை.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘சரணாகதி’ வைணவத்தில் ஆழமான பொருளுடையது. ஆனால் அது ஆண்டவனுக்கும் அடியவருக்கும் இடையிலானது. கெலாசன்ஹைட்டில் ஊரும் சபையும் உள்ளே நிற்கின்றன. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பழக்கமான ‘ஒப்புக்கொடுத்தல்’, ரோமர் 12ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் உள்ளதுதான், இறையியல் கட்டுரைக்குப் பொருத்தமானது. எனினும் அன்றாட வாழ்வைப் பேசும் இடத்தில் நான் தேர்வது ‘விட்டுக்கொடுத்தல்’. எக்கார்ட்டின் ‘விடு’, பண்ணைப் பெண்ணின் ‘கொடு’ ஆகிய இரண்டு வினைகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இப்படி இரண்டையும் ஒரே சொல்லில் தரும் வாய்ப்பு மொழிபெயர்ப்பாளருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். நம் வீடுகளில் ‘நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்ற அறிவுரை பெரும்பாலும் பெண்ணிடமே சொல்லப்படுகிறது. மென்னோனைட் கொள்கையிலோ, குடும்பத்தின் தலைமை கணவனுக்கே என்றாலும், சபையின் ஒழுங்குக்கு முன் தன் விருப்பத்தை விடுவது இருவருக்கும் பொதுவான கடமை. அடுத்தது எதிர்மறை வடிவம். ‘கணவனை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்’ என்றால் தமிழில் அது பாராட்டு, அங்கே வேறொரு பொருள் வந்துவிடுகிறது. ஆகவே எதிர்மறையாக எழுத நேரும் வாக்கியத்தில் ‘தன் விருப்பத்தை விட மறுத்தாள்’ என்று விரித்து எழுதுவதே நல்லது.