அகரு: மாடியேறுவதா, கரையேறுவதா?

ஜப்பானில் ஓர் உணவகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த என் மாணவனிடம் முதல் வாரம் மேலாளர் "மோ அகத்தே ஈ யோ" என்றிருக்கிறார். பையன் நேராக மாடிக்குப் போய் நின்றுகொண்டான். அவர் சொன்னது, "வேலை முடிஞ்சுது, நீ கிளம்பலாம்" என்று. தப்பு அவன்மேல் இல்லை. 'அகத்தே' என்பது 'அகரு' என்ற ஜப்பானிய வினையின் ஒரு வடிவம்; 'அகரு என்றால் மேலே ஏறுதல்' என்று பலகையில் எழுதிப்போட்டவன் நான்தான்.

அதன்பிறகு இந்த ஒரு வினைக்கே ஒரு வகுப்பை ஒதுக்குகிறேன். ('க'வை 'நகரம்' என்பதில் வருவதுபோல் ஒலியுங்கள்.)

பாதிக் கிணறு நமக்கு எளிது. விலை ஏறியது, விலையை ஏற்றினார்கள் என்று தன்வினை பிறவினையைப் பிரித்துப் பேசிப் பழகியவர்கள் நாம். அங்கேயும் அதே: 'நெதன் கா அகரு', 'நெதன் ஓ அகெரு'. காய்ச்சல், ரத்த அழுத்தம் ஏறுவதும் அகருதான்.

மறுபாதியில்தான் விழுகிறோம். பஸ் ஏறுவது 'நொரு'. மலை ஏறுவது 'நொபொரு'. ஏறும் வழியில் கவனம் இருந்தால் நொபொரு, ஏறிச் சேர்ந்த இடத்தில் இருந்தால் அகரு என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினரை "ஒ-அகரி குதஸாய்" என்று அழைப்பதும் அதனால்தான்: வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படி உயரம் ஏறினால்தான் ஜப்பானிய வீட்டுக்குள் வந்ததாகக் கணக்கு.

சரி, மழை விட்டாலும் 'அமே கா அகரு' என்கிறார்களே? வேலை முடிந்தாலும், குளித்து முடித்தாலும் அகருதானே? இதை விளக்க ரொம்ப நாள் திணறினேன். பிறகுதான் 'கரையேறு' நினைவுக்கு வந்தது. ஆற்றில் குளித்துக் கரையேறுகிறோம்; கடனிலிருந்தும் கரையேறுகிறோம். மாடியை மறந்து கரையை நினைத்தால் அந்த மாணவனுக்கும் விளங்கியிருக்கும்.

முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். குளியல் தொட்டியில் இருக்கும் பாட்டி "மோ அகரு" என்றால், 'குளித்தது போதும், வெளியே வருகிறேன்' என்று பொருள். புரியாமல் சிரித்துக்கொண்டு நின்று அவரை வெந்நீரிலேயே வைத்திருக்காதீர்கள்.

கியோட்டோவில் இன்னொரு கூத்து. முகவரியில் அகரு என்றால் வடக்கு, 'சகரு' என்றால் தெற்கு. பழைய அரண்மனை நகரின் வடக்கே இருந்ததால் வந்த வழக்கு. மாநகராட்சி அலுவலகத்தின் முகவரியிலேயே 'தெராமாச்சி தெரு, ஓயிகே அகரு' என்றுதான் இருக்கிறது. மேட்டைத் தேடாதீர்கள், தெராமாச்சி தெருவும் ஓயிகே தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்து வடக்கே நடங்கள்.