பிளாங்க்டன்: மிதப்பதா, அலைவதா?

ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் பவளத்தொட்டி வைத்திருக்கும் நண்பர், மேசைமேல் நின்ற மூன்று புட்டிகளைக் காட்டி, "எல்லாம் பிளாங்க்டன். தொட்டிக்கு வேறு தீனியே கிடையாது" என்றார். ஒன்றில் பச்சைத் தண்ணீர். இன்னொன்றில் துள்ளும் தூசி. மூன்றாவதில் செம்மஞ்சள் புள்ளிகள். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய தந்தை, "மிதவை உயிரி என்று தமிழில் சொல்லப்பா" என்று திருத்தினார். மகன் சொன்ன சொல்லும் தந்தை சொன்ன சொல்லும் அந்தப் புட்டிகளில் ஒன்றுக்குச் சரியாகப் பொருந்தாது.

ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய உடலியங்கியல் அறிஞர் விக்டர் ஹென்சன் 1887இல் உருவாக்கிய சொல் பிளாங்க்டன். மூலம் 'பிளாங்க்டாஸ்' என்ற கிரேக்கச் சொல். அலைக்கழிகிற, திசையின்றித் திரிகிற என்று பொருள். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் வலு இல்லாமல், அது இழுத்த பக்கம் போகிற உயிர்கள் அனைத்துக்கும் இது பொதுப்பெயர். இனப்பெயர் அல்ல; வாழ்முறையின் பெயர். உருவ அளவுக்கும் இதில் இடமில்லை. வலையில் சிக்கி மீனவரை எரிச்சலூட்டும் சொறிமீன் கையளவு இருந்தாலும் பிளாங்க்டன்தான். எனவே சிலர் எழுதும் 'நுண்ணுயிரி' தவறு. அது பாக்டீரியா முதலியவற்றுக்குப் பழகிவிட்ட சொல்.

பாடநூல்களில் நிலைத்திருப்பது 'மிதவை உயிரி'. அதைக் குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிதவை என்றதும் நம் மனத்தில் வருவது நீரின் மேற்பரப்பு. வலையின் மேல்விளிம்பில் கட்டுவதும் மிதவைதான். பிளாங்க்டனோ பல நூறு மீட்டர் ஆழத்திலும் உண்டு. தமிழில் அலை என்றால் கடலலை. அலைதல் என்றால் திரிதல். கிரேக்கச் சொல்லின் பொருளையும் கடலையும் ஒருசேரப் பிடிக்க நமக்கு ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை: அலையுயிரி. தேர்வில் மிதவை உயிரி என்றே எழுதுங்கள். என் ஓட்டு மட்டும் இதற்கு.

கரையில் இதற்குத் தனிப்பெயர்களும் உண்டு. 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் தென்கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது மீனவர்கள் 'பூங்கோரை' என்றார்கள். ஆய்வாளர்கள் சொன்ன பெயர் நாக்டிலூகா. இரவில் ஒளிரும் ஒற்றைச் செல் அலையுயிரி அது. அளவு மீறிப் பெருகினால் நீரின் ஆக்சிஜன் குறைந்து மீன் திணறுகிறது.

இனி புட்டிகளுக்கு வருவோம். பச்சைத் தண்ணீரில் இருந்தது நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி, அசல் தாவர அலையுயிரி. பெரும்பாலான கல் பவளங்கள் இதை நேரடியாக உண்பதில்லை. இதைத் தின்று வளர்பவற்றையே உண்கின்றன. ஆகவே இது தீனிக்குத் தீனி. செம்மஞ்சள் புள்ளிகள் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகள். உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் இனம் என்பதால் பவளம் கடலில் இதைப் பார்த்தே இருக்காது, ஆனாலும் கிடைத்தால் விடாது. 2010இல் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கடல்விரால் மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்தபோது, பொரிப்பகத்தில் முதலில் சக்கர உயிரி எனப்படும் ரோட்டிஃபர், பிறகு ஆர்ட்டீமியா என்ற வரிசையில்தான் ஊட்டினார்கள். பொரித்த புதிதில் ஆர்ட்டீமியா எதையும் உண்ணாது. அடுத்த பருவத்தில்தான் வாய் திறக்கும். அப்போது நல்ல கொழுப்பை ஊட்டித் தொட்டியில் விடுவது வழக்கம்.

துள்ளும் தூசி கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலி. கிரேக்கத்தில் 'கோப்பே' துடுப்பு, 'பவுஸ்' கால். தமிழில் துடுப்புக்காலி என்பது அச்சு அசலான பெயர். கடலில் அலைகிற துடுப்புக்காலிகள் ஏராளம். நண்பர் வளர்ப்பதோ டிஸ்பே வகை: கல்லையும் கண்ணாடியையும் பற்றி ஊர்ந்து பாசியை மேய்வது. அடித்தட்டில் ஊர்வதை அலைவது என்று எப்படிச் சொல்வது? இந்த மூன்றையும் ஒன்றாகச் சுட்ட 'உயிருணவு' என்ற சொல்லே போதும். அது வாழ்முறையைச் சொல்வதில்லை, பயனைச் சொல்கிறது.

உயிருணவு மட்டுமே போதுமா என்றால், பவளத்தின் வகையைக் கேட்க வேண்டும். உடலுக்குள் பாசியை வைத்திருக்கும் பவளங்களுக்கு ஆற்றலில் பெரும்பங்கு வெளிச்சத்திலிருந்து கிடைக்கிறது. இரை தருவது நைட்ரஜனும் பாஸ்பரசும். அந்தப் பாசி இல்லாத சூரியப் பவளத்துக்கு இரைதான் எல்லாம். பவளத்திட்டுகளில் நீரோட்டம் ஓயாமல் இரையைக் கொண்டுவருகிறது. தொட்டியில் காலையில் ஊற்றியதை மாலைக்குள், அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் நுரைவடிப்பான் இழுத்துவிடும். அதனால் சொட்டுச்சொட்டாக விடுகிறார்கள், அல்லது சில மணி நேரம் வடிப்பானை நிறுத்துகிறார்கள். உயிருள்ளது தின்னப்படும்வரை நீந்தும். பொடித்தீனியைப்போல உடனே அழுகி அம்மோனியா ஆகாது. ஆனால் பச்சைப் புட்டி கெட்டால் அதைத் தின்று வளர்பவையும் பட்டினி. அவர் ஒவ்வொன்றையும் இரண்டாக வைத்திருப்பது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டுக் கரையில் பவளம் பொறுக்கப் போய்விட வேண்டாம். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

அன்று விளக்கணைத்த பிறகு நண்பர் சிவப்பு டார்ச்சைத் தொட்டிமேல் பிடித்தார். பவளங்கள் விரல்களை நீட்டியிருந்தன. பகலெல்லாம் கல்லோடு ஒட்டிக் கிடந்த துடுப்புக்காலிகளில் சில மேலெழுந்து, மோட்டார் தள்ளிய பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தன. "இப்போது பிளாங்க்டன்தானே?" என்றார்.