ஏற்பி: ரிசெப்டருக்கு நம் சொல்

தம்பி மகள் சேலம் அம்மாப்பேட்டையில் தங்கி நர்சிங் படிக்கிறாள். போன வாரம் போனில், "பெரியப்பா, ரிசெப்டருக்குத் தமிழ்ல 'வாங்கி'ன்னு ஒரு புத்தகத்துல இருக்கு, 'ஏற்பி'ன்னு இன்னொண்ணுல இருக்கு. எது சரி?" என்றாள். ஏற்பி என்றேன். ஏன் என்று அவள் கேட்டதற்கு விரிவான பதில் இது.

செல்லின் மேல் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வருவதைப் பிடித்துக்கொள்வதுதான் ரிசெப்டர். அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'பெற்றுக்கொள்' என்று பொருள்படும் ரெசிப்பெரே அதன் வேர். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் போய் நிற்கிறோமே, அந்த ரிசப்ஷனுக்கும் அதே வேர்தான். ரிசப்ஷனைத் தமிழில் வரவேற்பு என்கிறோம். வரவேற்பிலும் பதவியேற்பிலும் இருக்கும் 'ஏல்' என்ற வினைதான் ஏற்பியிலும் இருக்கிறது. கடைசியில் வரும் இகரம், பூச்சிக்கொல்லி, ஒலிபெருக்கி போல, அந்த வேலையைச் செய்வது எது என்று காட்டுகிறது.

நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியில் ரிசெப்டர் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். செல்லின் மேல் 'பக்கச் சங்கிலிகள்' நீட்டிக்கொண்டிருக்கின்றன, நஞ்சு அவற்றில் வந்து மாட்டுகிறது என்று 1897இல் சொன்னார். 1900இல் அவற்றை ரிசெப்டர் என்றார். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கொக்கி வளையத்துக்குள் விழ வேண்டும். வளையம் சப்பையாகிவிட்டால் கொக்கி மாட்டாது.

இங்கேதான் 'வாங்கி'யை விட ஏற்பி எனக்குப் பிடித்துப்போகிறது. ஏல் என்பதற்குப் பொருந்துதல் என்றும் பொருள் உண்டு. 'காலத்துக்கு ஏற்ற', 'வயதுக்கு ஏற்ற' என்கிறோம் அல்லவா? பெறுவது, பொருந்துவது இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ரிசெப்டரில்கூட அந்த இரண்டாவது பொருள் வெளிப்படையாக இல்லை. நோயின் கதையோ பெரும்பாலும் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

ஏற்பியின் வடிவத்தை மரபணு எழுதுகிறது. அந்த எழுத்து ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சிசிஆர்5 என்ற ஏற்பியைப் பிடித்துத்தான் எச்ஐவி பெரும்பாலும் வெள்ளையணுவுக்குள் நுழைகிறது. அதன் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவம் ஒன்று 1996இல் தெரியவந்தது. அந்த வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் செல் மேல் சிசிஆர்5 தலைகாட்டுவதே இல்லை. பெரும்பாலான எச்ஐவி வகைகளுக்குப் பிடிமானம் கிடைக்காது. ஐரோப்பியரிடம் காணப்படும் இந்த வடிவம் நம்மிடையே மிக அரிது. முழு லாபம் என்றும் சொல்ல முடியாது. கொசுவால் பரவும் மேற்கு நைல் காய்ச்சல், சிசிஆர்5 இல்லாதவர்களைக் கூடுதலாகப் படுத்தும்.

நம் வீடுகளுக்கு நெருக்கமான உதாரணம் இன்டர்லூகின்-12 ஏற்பி. காசநோய்க் கிருமி போன்றவை உள்ளே வந்தால் ஒரு செல் அனுப்பும் இன்டர்லூகின்-12 என்ற செய்தியை இன்னொரு செல் இந்த ஏற்பியால் பெறுகிறது. அதற்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் செய்தி போய்ச் சேராது. அப்படிப்பட்ட குழந்தைக்கு, மற்றக் குழந்தைகளை ஒன்றும் செய்யாத, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் பலவீனமான கிருமியே நோயாகிவிடலாம். குடலைத் தாக்கும் சால்மொனெல்லா கிருமியின் தொற்று திரும்பத் திரும்ப வரலாம்.

சேலம் பக்கம் அக்கா மகளையோ அத்தை மகளையோ கட்டுவது இன்னும் இருக்கிறது. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். கூடினாலும் இது மிக அரிய நோய்தான், யாரும் பயந்துவிட வேண்டாம். ஆனால் ஒரு குழந்தைக்கு பிசிஜிக்குப் பிறகு கடுமையான தொற்று வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு அந்த ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தம்பி மகள் நோட்டில் எழுதிக்கொள்ள இரண்டு தொடர்கள் சொன்னேன்: ஏற்பி மரபு வேறுபாடு, ஏற்பிக் குறைபாடு. முதலாவது எல்லாரிடமும் இருப்பது. இரண்டாவதுதான் நோய்.