கோழிக்கு முருங்கை இலைப் பொடி: சோயாவுக்கு மாற்றா?

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரை நிழலில் பழைய காட்டன் புடவையை விரித்து முருங்கை இலை காயப் போட்டிருக்கிறோம். காம்பு நீக்கி ஆய்ந்தது சித்தி. பொரியலுக்கு இல்லை, ஆனேக்கல் பக்கம் சித்தப்பா நடத்தும் பிராய்லர் ஷெட்டுக்கு.

"இதுல நூத்துக்கு இருபத்தஞ்சு புரதம்னு சொல்றாங்களேடா, சோயா புண்ணாக்கைக் குறைச்சுக்கலாமா?" என்றார் சித்தப்பா.

கணக்குப் போட்டோம். ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 200 கிராம் புரதம் வேண்டும். 1 சதவீதம், அதாவது 10 கிராம் இலைப் பொடி கலந்தால், அதிலிருந்து வருவது இரண்டரை கிராம். ரசத்தில் போடும் பெருங்காயம் அளவு! பெருங்காயத்தைப் போலவே இதற்கும் வேலை வேறு.

அந்த வேலை நடப்பது குடலில். கோழிக் குடலின் உட்சுவர் டர்க்கி டவல் மாதிரி, நுண்ணிய விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். சத்தை உறிஞ்சுவது இந்தக் குடலுறிஞ்சிகள்தான். கெட்ட கிருமி பெருகினால் இவை தேயும். தின்ற தீவனம் கறியாவதற்குப் பதில் குடலைப் பழுது பார்க்கவே செலவாகும். முருங்கையின் ஐசோதயோசயனேட், துளசியின் யூஜினால் போன்ற பொருட்கள் கிருமியின் மேலுறையைக் குலைக்கின்றன. உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. இலையிலுள்ள குவெர்செட்டின் முதலியவை வெயில் காலத்தில் கோழியின் திசுக்களுக்கு ஏற்படும் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் குறைக்கும்.

முன்பு இந்த வேலைக்குத்தான் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்தார்கள். அதில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக, ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் வளர்ச்சிக்காகக் கலப்பதைத் தடை செய்தது. நம் நாட்டில் 2019-இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழித் தீவனத்தில் கலக்கத் தடை வந்தது. இலைப் பொடிக்கு இன்று இத்தனை மவுசு ஏற இதுவும் ஒரு காரணம். ஆனால் ஆன்டிபயாடிக் போல ஒரே சீரான பலனை இதில் எதிர்பார்க்க முடியாது. இலையின் முதிர்ச்சி, ரகம், மண் எல்லாம் பலனை மாற்றும். ஏற்கெனவே சுத்தமான ஷெட்டில் வித்தியாசமே தெரியாமலும் போகலாம்.

கூடுதலாகப் போட்டால்? கோழிக்கு நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி கிடையாது. இலையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேப்பிலை என்றால் கசப்பில் தீனியே குறையும். சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலை இன்னும் மோசம், மைமோசின் என்ற நஞ்சு அதில் உண்டு. எந்த இலையானாலும் 10 சதவீதம் வரை ஏற்றினால் எடை கூடுவதற்குப் பதில் குறையத்தான் வாய்ப்பு.

ஆறு வாரத்தில் ஒரு கோழி மூன்றரை கிலோ தீவனம் தின்னும். 1 சதவீதக் கணக்கில் ஆயிரம் கோழிக்கு 35 கிலோ பொடி. அதற்குப் பச்சை இலை சுமார் 150 கிலோ. சித்தி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம்.

வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் கரோட்டின் அழியும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேரும், கோழியின் ஈரலைக் கெடுக்கும். சித்தப்பா ஒரு பிடி அள்ளிக் கசக்கினார். நொறுங்கவில்லை, கையில் ஒட்டியது.

"இன்னொரு நாள் கிடக்கட்டும்" என்றார்.