புகையே சுழற்றிய சக்கரம்

"லாரி, பஸ்ஸில் ஓடும் டீசல் எஞ்சினை ரேஸ் காரில் வைத்தால் ஓடுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடியிருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கார் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-இல், 1952-ல் முதல் ஆளாக நின்று புறப்படும் இடத்தைப் பிடித்ததே, எஞ்சின் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனத்தின் ஒரு டீசல் கார்தான். தகுதிச் சுற்றில் ஃப்ரெட் அகபாஷியன் அதை மணிக்குச் சராசரியாக 138.01 மைல், அதாவது சுமார் 222 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்.

டீசல் எஞ்சினின் சிலிண்டர் கொள்ளளவு 6.6 லிட்டர் வரை இருக்க விதி அனுமதித்தது. அந்தக் கனமான ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காரைத் தாழ்வாகக் கட்டினார்கள். சரி, இதெல்லாம் போகட்டும். என்னை மயக்குவது அதன் டர்போ. அந்தப் பந்தயத்துக்கு டர்போவோடு வந்த முதல் கார் இதுதான்.

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாக சைலன்சர் வழியே வீணாகிறது. டர்போ அதை வழியிலேயே மடக்குகிறது. ஒரே தண்டு, இரு முனையிலும் ஒவ்வொரு சிறு சக்கரம். புகை மோதி ஒரு சக்கரம் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல, கூடவே சுழலும் மறு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதல் டீசல் எரியும். அதனால் புகையின் வேகமும் கூடும். சக்கரம் இன்னும் விரைவாகச் சுழலும். பெட்ரோல் எஞ்சினில் அளவுமீறி அழுத்தினால் கலவை நேரம் தவறி வெடிக்கும். டீசலில் அந்தத் தொல்லை இல்லை, முதலில் வெறும் காற்றைத்தானே அழுத்துகிறோம்! டீசல் பீய்ச்சப்படுவது கடைசியில்தான். டர்போவுக்கும் டீசலுக்கும் இத்தனை பொருத்தம் இருப்பது அதனால்தான்.

ஆனால் அந்தக் காரில் காற்று இழுக்கும் வாய் முன்பக்கம் தாழ்வாக இருந்தது. முன்னே போன கார்களின் டயர்கள் தேய்ந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகளை அது இழுத்து இழுத்து அடைத்துக்கொண்டது. காற்று குறைந்தது, டீசல் அரைகுறையாக எரிந்தது, கரும்புகை கக்கியது. 200 சுற்றுப் பந்தயத்தில் 71 சுற்றோடு கார் ஒதுங்கியது. 22 வயது ட்ராய் ரட்மன் வென்றார்.

இதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் "வென்றதா?" என்று மட்டும் கேட்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. டர்போ இன்று ஏறக்குறைய எல்லா லாரி டீசல் எஞ்சினிலும் இருக்கிறது. அடுத்த முறை லாரியைப் பார்த்தால் கேபினுக்குப் பின்னால் கவனியுங்கள்: பல லாரிகளில் காற்று இழுக்கும் குழாய் சாலைத் தூசிக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்.