ஒக்கந்தை, குமண பயணங்களுக்கு மேலதிக எரிபொருள்: சட்டமும் கவனமும்

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலைத் தாண்டிப் பாணமை, ஒக்கந்தை, குமண என்று தெற்கே இறங்குகிறவர்கள் மேலதிகமாக ஒரு கலன் எரிபொருளைக் கொண்டுபோவது வழக்கம். மணலிலும் சேற்றிலும் நான்கு சக்கர இழுவையில் மெதுவாக ஊர்கின்ற ஜீப், தார் வீதியில் ஓடுவதைவிடக் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் இந்த முன்னேற்பாடு நியாயமானதே.

இதில் முதலில் அறிய வேண்டியது, 2002 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க பெற்றோலிய உற்பத்திப் பொருட்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஆகும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எரிபொருளை விற்பதையும் விநியோகிப்பதையும் இச்சட்டம் தடுக்கிறது. ஆகவே, சொந்த வாகனத்துக்கென்று வாங்கியதை வழியில் இன்னொருவருக்கு விலை வைத்துக் கொடுப்பது, உதவி என்ற எண்ணத்தில் தொடங்கினாலும், சட்டத்தின் பார்வையில் வியாபாரமாகிவிடக்கூடும்.

தட்டுப்பாடு வந்தால் முதலில் நிறுத்தப்படுவது கலனுக்கு நிரப்புவதுதான் என்பதை 2022 இன் எரிபொருள் நெருக்கடி காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் கலன்களுக்கு எரிபொருள் வழங்குவதை நிறுத்திய பெற்றோலியக் கூட்டுத்தாபனம், மோட்டார் சைக்கிளுக்கு 1000 ரூபா, முச்சக்கர வண்டிக்கு 1500 ரூபா, கார், ஜீப், வேன்களுக்கு 5000 ரூபா என்று வரம்பும் விதித்தது. ஜூலையில் அறிமுகமான கியூஆர் முறை, வாகனப் பதிவு இலக்கத்துக்கே வாராந்தப் பங்கை ஒதுக்கி, 2023 செப்டெம்பர் 1 வரை நீடித்தது. ஆதலால், புறப்படும் முன்பே எரிபொருள் நிரப்பு நிலையத்தில் கலனுக்குத் தருவார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கலன், எரிபொருளுக்கென்றே செய்த இரும்புக் கலனாகவோ தடித்த பிளாஸ்டிக் கலனாகவோ இருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் ஒருபோதும் கூடாது. நிரப்பும்போது அதை வாகனத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழாயின் முனை கலனின் வாயைத் தொட்டபடி இருக்கச் செய்ய வேண்டும். பிக்கப்பின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தே நிரப்பினால், எரிபொருள் பாயும்போது உண்டாகும் நிலைமின்னுக்கு நிலத்தில் இறங்க வழியில்லாமல், ஒரு பொறி ஆவியைப் பற்றவைத்துவிடலாம். கிழக்கின் வெயிலில் பெற்றோல் விரிவடையும் என்பதையும் மறக்கக் கூடாது. வெப்பநிலை 20 பாகை உயர்ந்தால் 20 லீற்றர் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் கூடிவிடும். ஆகவே 20 லீற்றர் கலனில் 19 லீற்றருடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது, அதை அடியோடு விட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு மிடறு பெற்றோல் மூச்சுக்குழாய்க்குள் போனாலே நுரையீரல் அழற்சி உண்டாகும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கைப்பம்பியின் விலை சொற்பம்.

குமண தேசியப் பூங்காவுக்குள் குறிக்கப்பட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்க முடியாது. எனவே ஒக்கந்தை நுழைவாயிலுக்கு முன்பே எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, தாங்கிக்குள் ஊற்றிவிட வேண்டும். வெறுமையான கலனிலும் எரியக்கூடிய ஆவி தங்கியிருப்பதால், மூடியை இறுக்கி, ஆட்கள் இருக்கும் பகுதிக்கு வெளியே கட்டிவையுங்கள்.